இன்னும் ஓடும்

ரத்தம் சுத்தம் செய்கிற ஹாலில் ஜன்னலோரம் நின்ற மெஷினுக்கு மாமியார் என்று பேர். ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்தும், ஏன் என்று கேட்டால் சொல்லாது, அதனால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. சிறுநீரகம் கெட்டவர்கள் அதன் பக்கத்து நாற்காலியில் சாய்ந்து கையை நீட்டினால், உடம்பிலிருந்து ரத்தத்தை இழுத்து, அலசி, திரும்ப உள்ளே அனுப்பும். நடுவில் நின்றுபோனால் தட்டண்ணனைக் கூப்பிடுவார்கள்.

தட்டண்ணன் ஆஸ்பத்திரியின் பழுதுக் கொட்டகையில் வேலை பார்ப்பவர். அவசரப்படாமல் வந்து, மெஷினின் இடுப்பில் உள்ளங்கையால் ஒரு தட்டு. உள்ளே தளர்ந்த ஏதோ ஒன்று தன் இடத்தில் போய் உட்காரும். பம்பு சுற்றும்.

"மாமியாருக்கு இந்த வைத்தியம்தான் சரி," என்பாள் காலை முறையில் அந்த நாற்காலிக்கு வரும் தையற்காரி. "எனக்கும் ஒருத்தி வாய்ச்சா. அப்பவே உங்களைத் தெரியாமப் போச்சே!"

கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. உருட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தால்தான் அது பழுது. நோயாளி பக்கத்திலேயே கையோடு சரியானால் பழுதில்லை; யாரும் மேலே சொல்வதும் இல்லை. தும்மினதை எல்லாம் வியாதி என்று எவன் சொல்லிக்கொண்டு திரிவான்? அப்படித்தான் எல்லாரும் நினைத்தார்கள். தட்டண்ணனும் அப்படித்தான்.

மத்தியான முறையில் அதே நாற்காலியில் உட்காருகிறவர் அவருடைய தங்கை புருஷன். லாரிக்காரர். ஒரு காலத்தில் மூட்டை மாதிரி இருந்த மனுஷன், இப்போது சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டும். ஒரு முறை தவறினாலும் கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும்.

எந்தெந்த மெஷினை மாற்றலாம் என்று முடிவு செய்ய இன்ஜினியர் வருகிறார் என்று தெரிந்ததும் தலைமை நர்ஸ் தட்டண்ணனை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, அவரு வர்ற அன்னைக்கு மட்டும் மாமியார் மேல கை வெக்காதீங்க. கத்துனா கத்தட்டும், நின்னா நிக்கட்டும். அவரு கண்ணால பாக்கட்டும்."

"சரிம்மா," என்றார்.

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனபோது அவள் புருஷனுக்குக் குடிக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கண்டபடி குடிக்கக் கூடாது அவர். சின்ன டம்ளரில் பாதி ஊற்றிவிட்டு, குடத்தைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

"மாத்துறதுன்னா, பழசு போற அன்னைக்கே புதுசு வந்துடுமா அண்ணே?"

எக்ஸ்ரே மெஷின் ஒன்றைக் கழித்துக் கட்டி எடுத்துப் போனது தட்டண்ணனுக்கு நினைவுக்கு வந்தது. அது நின்ற இடத்தில் தரையில் கால் பதிந்த குழிகள் இன்னும் இருக்கின்றன. உடைந்த நாற்காலிகளை அங்கே அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

"அப்போ இவர எங்க உக்கார வெப்பாங்க? ஹால்ல ஒரு நாற்காலி காலியா இருக்கா?"

"இல்ல."

"பாத்துக்கோ அண்ணே. அவ்வளவுதான் நான் சொல்லுவேன்."

லாரிக்காரர் வெறும் டம்ளரைச் சுற்றிக்கொண்டே, "மச்சானப் போட்டு வாட்டாதடி," என்றார்.

இன்ஜினியர் வருவதற்கு முன்னால், ஹாலில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத் தட்டண்ணன் மெஷினைத் திறந்தார். உள்ளே தளர்ந்திருந்த சர்க்யூட் பலகைக்கு அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தார். துடைத்தார். மூடினார்.

இன்ஜினியர் நல்ல மனுஷன். அலட்டல் இல்லை. ஒவ்வொரு மெஷினாகக் குனிந்து பார்த்தார்.

"வயசாயிடுச்சுன்னு மட்டும் பாத்து மாத்த மாட்டேங்க. எவ்வளவு அடிக்கடி மக்கர் பண்ணுது, பார்ட்ஸ் கிடைக்குதா, திடீர்னு நின்னா உக்காந்திருக்கறவங்க கதி என்ன, இதெல்லாம் பாக்கணும். எல்லாத்தையும் மாத்த ஆசைதான். மேல இருந்து தர்றது கொஞ்சம்."

மாமியார் அன்றைக்குச் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"லேசா கத்தும் சார்," என்றார் தலைமை நர்ஸ்.

"எல்லாமே கத்தும்மா." இன்ஜினியர் தட்டண்ணன் பக்கம் திரும்பினார். "இது கொட்டகைக்கே வந்ததில்லையாமே. தினமும் பாக்கறவரு நீங்க. சொல்லுங்க, தாங்குமா?"

நர்ஸ் அவரையே பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அந்த நாற்காலியில் மத்தியானம் யார் உட்காருகிறார் என்று அவருக்கும் தெரியும்.

"இன்னும் ஓடும் சார்."

இன்ஜினியர் தலையாட்டிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனார். வந்த புது மெஷின் வேறு வார்டுக்குப் போயிற்று.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் கூப்பிட்டார்கள். தட்டண்ணன் ஈரக் காலோடு ஓடினார். தையற்காரி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். பம்பு நின்றிருந்தது. ரத்தம் குழாயில் அப்படியே நின்றது.

தட்டினார். ஒன்றும் இல்லை. மறுபடி தட்டினார். உள்ளங்கை சிவந்தது. இன்னும் ஓங்கித் தட்டினார்.

"விடுங்க! தள்ளுங்கண்ணே!" நர்ஸ் அவரை இடித்துத் தள்ளிவிட்டுக் கைப்பிடியை மாட்டிப் பம்பைக் கையாலேயே சுற்ற ஆரம்பித்தார். இந்தத் தட்டு பலிக்கும், அடுத்த தட்டு பலிக்கும் என்று எல்லாரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்ததில் நேரம் போய்விட்டது. குழாய்க்குள் ரத்தம் கறுத்துக் கட்டிப்பட்டிருந்தது. கைப்பிடி திரும்ப மறுத்தது.

"ஏன், அடி பத்தலையா?" என்றாள் தையற்காரி. உதடு வெளுத்திருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

அவளைத் தள்ளுகட்டிலில் ஏற்றி மாடியிலுள்ள அவசர வார்டுக்குக் கொண்டு போனார்கள். அவள் உடம்புக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டிய ரத்தம் குழாயோடு குப்பை வாளிக்குப் போயிற்று.

தட்டண்ணன் மெஷினைத் திறந்தார். ஈரத்தில் அட்டை நமுத்து நழுவியிருந்தது. எடுத்து இன்னொரு மடிப்பு மடித்துச் செருகினார். பொத்தானை அழுத்தினார். வெட்கமே இல்லாமல் ஓடிற்று.

மத்தியானம் தங்கையும் லாரிக்காரரும் பையோடு வந்து வாசலில் நின்றார்கள். காலையில் நடந்தது அவர்கள் காதுக்கு வந்திருந்தது. தங்கை பம்பைப் பார்த்தாள்.

"ஓடுதில்ல அண்ணே?"

அவர் அவளைப் பார்க்காமல் நர்ஸிடம் சொன்னார்: "இது பழுதும்மா. இன்னைக்கு நேத்து இல்ல, ரொம்ப நாளாவே பழுது. நான்தான் சொல்லல. கொட்டகைக்குத் தள்ளிட்டுப் போறேன். இன்ஜினியர்கிட்டயும் நானே சொல்லிடறேன்."

"ஓடுதே! கண்ணு முன்னாடி ஓடுதே!" தங்கை அவர் கையைப் பிடித்தாள். "கூடப்பொறந்தவனா நீ?"

"விடுடி," என்றார் லாரிக்காரர். "பிரேக் இல்லாத வண்டில நானே ஏற மாட்டேன்." சொல்லிவிட்டு மூச்சு வாங்கச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

தட்டண்ணன் பிளக்கைப் பிடுங்கினார்.

இன்ஜினியர் போனில் திட்டவில்லை. "அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உங்களுக்குத்தானே முதல்ல குடுத்திருப்பேன். இனி அடுத்த தடவைதான்," என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த தடவை எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த நாற்காலிக்காரர்கள் வராந்தா பெஞ்சில் உட்கார வேண்டும், யாராவது வராமல் போனால் அந்த இடம் கிடைக்கும் என்று நர்ஸ் சொல்லிவிட்டார். லாரிக்காரர் வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். தங்கை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். முறைக்கு வருகிறவர் ஒருவர் தலை தெரிந்தால் அவள் முகம் சுருங்கும். அது தனக்கே தெரிந்து முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல மூடிக்கொள்வாள். அண்ணனிடம் பேசுவதில்லை.

தையற்காரி பிழைத்து வந்தாள். மகள் தோளைப் பிடித்துக்கொண்டு ஹாலை எட்டிப் பார்த்தாள். ஜன்னலோரம் வெறும் தரை.

"எங்க மாமியார்?"

"வீட்ட விட்டுப் போயிட்டா," என்றார் லாரிக்காரர்.

தங்கை பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். தையற்காரி மெள்ள உட்கார்ந்தாள். பிறகு அவளும் வாசலைப் பார்க்க ஆரம்பித்தாள்.