மாடம்மாளின் முகத்துக்கு மூன்று விலை

மாடம்மாளின் முகத்துக்கு மூன்று விலை சொன்னார்கள். தோலுக்கடியில் நூல் விட்டு இழுத்தால் அறுபத்தைந்தாயிரம். காதோரம் சின்னதாகக் கீறித் தூக்கினால் ஒன்றரை லட்சம். தோலைப் பிரித்து, அடியில் இருக்கும் தசையையும் சேர்த்து மேலே ஏற்றித் தைத்தால் மூன்றேகால் லட்சம். ஐம்பத்திரண்டு வருஷமாக அந்த முகத்தை வைத்துக்கொண்டிருந்தவளுக்கு, அதற்கு விலை உண்டு என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"மூணுல எதும்மா அதிகமாப் போகுது?" என்று கேட்டார் அவள் புருஷன் பகவதிப்பெருமாள். பழவங்காடியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். குடமோ பெண்டாட்டி முகமோ, ஓடுகிற சரக்கு எது என்று விசாரிக்காமல் கை வைக்க மாட்டார்.

முக ஆபரேஷன் டாக்டர் ஸ்மிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். "இது ஆளுக்கு ஆள் மாறும், சேட்டா. நூல் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் நிக்கும். சின்ன ஆபரேஷன் நாலஞ்சு வருஷம். பெரிசுன்னா பத்து வருஷம்கூடப் போகும். பக்ஷே மயக்க மருந்து வேணும். அம்மாவுக்கு பிரஷரும் உண்டு."

"நூலே போதும். கல்யாணம் ஆறு மாசத்துல முடிஞ்சிருமே. அதுக்கப்புறம் தொங்குனா யாரு பாக்கா?"

மாடம்மாள் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். பக்கத்தில் மகள் அனுஷா போனைப் பார்த்தபடி இருந்தாள். கழக்கூட்டத்தில் சாப்ட்வேர் கம்பெனி வேலை. இன்றைக்கு அரை நாள் லீவு.

வந்த காரணம் இதுதான். விழிஞ்ஞம் துறைமுகத்தில் எஞ்சினீயராக இருக்கும் வன்னியராஜுக்கு அனுஷாவைக் கேட்டு நாகர்கோவிலிலிருந்து வந்தார்கள். பையனுக்குப் பெண்ணைப் பிடித்தது, பெண்ணுக்கும் பையனைப் பிடித்தது. இரண்டு பேரும் ராத்திரி போனில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் பையனின் அம்மா, பகவதிப்பெருமாளை வாசல் பக்கம் கூப்பிட்டு ரகசியக் குரலில் சொன்னாள்: "அண்ணாச்சி, நாங்க பவுன் கேக்கல, ரொக்கம் கேக்கல. நாங்க அந்த மாதிரி ஆளுக இல்ல. ஆனா மேடையில மதினி நின்னா பொண்ணோட ஆச்சின்னுல்லா நெனைப்பாவ? எங்க சொந்தக்காரங்க வேற, இருவது வருஷத்துல பொண்ணும் இப்பிடித்தானே ஆவான்னு கேக்காவ. நான் போன வருஷம் செஞ்சிக்கிட்டேன் பாருங்க, தெரியுதா?"

தெரிந்தது. அந்த அம்மாளின் முகம் புதிதாகப் பாலிஷ் போட்ட பித்தளைத் தாம்பாளம் மாதிரி இருந்தது. எதிரில் நிற்பவர் அதில் தன் முகத்தைப் பார்த்துத் தலைசீவிக்கொள்ளலாம்.

பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணின் அம்மாவையும் ஓரக்கண்ணால் அளப்பது அந்த வட்டாரத்தில் பழைய பழக்கம். பிடிக்காவிட்டால் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். இப்போது டாக்டர்கள் வந்துவிட்டார்கள். குறையைச் சொல்லி, செலவைப் பெண் வீட்டார் தலையில் கட்டலாம். பவுன் கேட்டால் போலீஸ் கேஸ் ஆகும். முகத்தைக் கேட்டால் அதற்குப் பெயர் அக்கறை.

அனுஷாவின் போன் அடித்தது. பையனின் அம்மா. அவசரமாக ஸ்பீக்கரில் போட்டாள்.

"மக்ளே, டாக்டர்ட்டதான் இருக்கியளா? டீப்பு, அதான் அந்தப் பெரிய ஆபரேஷன், அதப் போடச் சொல்லு கேட்டியா. ஒங்கப்பா நூலு கீலுன்னு பேரம் பேசுவாரு. அது வளைகாப்பு வரைக்கும்கூட நிக்காது."

பகவதிப்பெருமாள் போனைப் பார்த்துக் கும்பிடாத குறையாக, "அதுக்கில்ல சம்பந்தி, மொதல்ல நூலு போட்டுப் பாத்துட்டு..." என்றார்.

"அப்பா, ப்ளீஸ்," என்றாள் அனுஷா. "நடுவுல உள்ளதப் போடுவோம். ரெண்டு வாரத்துல வீக்கம் வத்திரும்னு மேடம் சொல்றாங்க. நான் இஎம்ஐ போட்டுக்கிடுதேன்."

ஆக, ஒரு முகத்துக்கு மூன்று பேர் மூன்று தினுசு தேர்ந்தெடுத்துவிட்டார்கள். புருஷன் விலையைப் பார்த்தார், சம்பந்தி உழைப்பைப் பார்த்தாள், மகள் லீவைப் பார்த்தாள்.

டாக்டர் கையைத் தூக்கினார். "ஒரு காரியம் சொல்லணும். கத்தி வைக்கிற ரெண்டிலயும், முக நரம்பு கொஞ்சம் சோர்ந்து போக சான்ஸ் உண்டு. சிலருக்கு வாய் ஒரு பக்கம் கோணும். மிக்கவாறும், முக்காவாசி பேருக்கு, சரியாயிடும். அபூர்வமா சரியாகாமயும் போகும்."

"கோணுனா துட்டு திருப்பித் தருவியளா?" என்றார் பகவதிப்பெருமாள்.

டாக்டர் நாற்காலியை மாடம்மாள் பக்கம் திருப்பினார். "அம்மே, உங்களுக்கு என்ன வேணும்? நீங்க ஒண்ணும் பேசலையே."

மாடம்மாள் முந்தானையை விட்டாள்.

"மொகம் ஏன் தொங்குச்சின்னு யாருமே கேக்கலியேம்மா. வெளியவே தடவிப் பாக்கிய. வாய்க்குள்ள பாருங்க."

டாக்டர் கையுறை மாட்டி, சின்ன டார்ச்சை அடித்துப் பார்த்தார். இடது கன்னத்தை விரலால் ஒதுக்கினார், பிறகு வலது கன்னத்தை. "அய்யோ. கடைவாய்ப் பல்லு எவிடெ அம்மே? ரெண்டு பக்கமும் காலி. உள்ள தாங்க ஆளில்லாம கன்னம் எப்படி நிக்கும்? இதுக்கு மேல தோலை இழுத்தா இறுகும், அவ்வளவுதான். நெறையாது."

நெளிந்த செம்பை உள்ளிருந்து தட்டித்தான் நிமிர்த்த வேண்டும் என்பது பாத்திரக்கடைக்காரருக்குத் தெரியாததல்ல. பகவதிப்பெருமாள் சுவரில் இருந்த மூக்குப் படத்தை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

"புடுங்கியாச்சிம்மா," என்றாள் மாடம்மாள். "கடைக்கு மேல்மாடி போட்ட வருஷம் ரெண்டு. இவ எஞ்சினீயரிங் சேந்த வருஷம் ரெண்டு. பெறவு கொரோனாவுல கடை பூட்டிக் கெடந்தப்ப மூணு. ரூட் கேனால் பண்ணுனா பல்லு நிக்கும்னு சொன்னாவ. பல்லுக்கு ஆறாயிரமாம். புடுங்குனா முந்நூறு."

"ஏளா, நீதான சொன்ன, பரவால்ல புடுங்கிருவோம்னு?" என்று திரும்பினார் பகவதிப்பெருமாள்.

"நீங்க பர்ச எடுக்காம கூரையப் பாத்துக்கிட்டு நின்னிய. நான் வேற என்ன சொல்ல? ஒங்க பல்லுல மூணுக்கு கேப் போட்டாச்சே. யாவாரத்துக்கு மொகம் வேணும்னிய."

போனுக்குள் இருந்தவளுக்குப் பொறுமை போயிற்று. "என்ன, பல்லு கதை ஓடுது? டீப்புதானே முடிவு?"

மாடம்மாள் மகள் கையிலிருந்த போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மதினி, நான் மாடம்மா பேசுதேன். மூணும் வேண்டாம். பல்லு கெட்டப் போறேன்."

"பல்லு கெட்டுனா மொகம் ஏறுமா?"

"ஏறாட்டாலும் போட்டும், சோறு எறங்கும்லா."

"நிச்சயத்துக்கு நாலு பேரு வருவாவளே மதினி."

"வரட்டும். ஆச்சியான்னு கேட்டா, இல்ல, பெத்தவதான்னு நானே சொல்லுதேன். நீங்க கூச்சப்பட வேண்டாம்."

அந்தப் பக்கமிருந்து, "அப்போ நாங்க வீட்டுல கலந்து யோசிக்கணும்," என்று கேட்டது.

"நல்லா யோசிங்க. அதுக்குக் கத்தியும் வேண்டாம், நூலும் வேண்டாம்."

போன் வைக்கப்பட்டது. அனுஷாவின் முகம் வெளிறிவிட்டது. "எந்தா அம்மா இது? என் லைஃப்மா! ஒரு வார்த்த என்ட்ட கேக்காண்டாமா?"

"நீ என் மொகத்துல விழப்போற கத்தியப் பத்தி என்ட்ட கேட்டியாட்டி?"

மகள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். மாடம்மாள் கூப்பிடவில்லை. மறுபடியும் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். இருபத்தேழு வயதுப் பெண்ணுக்குப் பிடித்துவந்த இடம். அது தன் வாயால் முறிந்தது என்று நாளைக்குத் தெருவே சொல்லும். அதுவும் அவளுக்குத் தெரியும்.

கால்மணி நேரம் கழித்து அவர்கள் வெளியே வந்தபோது அனுஷா லிப்ட் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. போனை அம்மாவிடம் நீட்டினாள். வன்னியராஜ் அனுப்பியிருந்தான்: 'அம்மா ரொம்ப அப்செட். எதுக்கு வம்பு, நூலாவது போட்டுருக்கலாம்ல?'

மாடம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஆறு மாசமா டெய்லி பேசுறான்மா," என்றாள் அனுஷா. "ஒன் மொகத்துல நூல் போடுறத, கதவுக்குத் திரை போடுற மாதிரி சொல்லுதான். அப்பாவே தேவல. ஒண்ணுமில்லன்னாலும் கோணிப்போனா என்னன்னு கேட்டாரு."

"துட்டுக்குக் கேட்டாரு," என்றாள் மாடம்மாள்.

அனுஷாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. போனை அணைத்துப் பையில் போட்டாள். "பல்லு செக்‌ஷன் ரெண்டாவது மாடிலயாம்," என்று சொல்லி லிப்ட் பட்டனை அமுக்கினாள். பதில் அனுப்பினாளா என்று மாடம்மாள் கேட்கவில்லை.

இரண்டாவது மாடியில் படம் எடுத்துப் பார்த்து, தாடை எலும்பில் திருகி நிறுத்துகிற பல்லுக்கு மொத்தம் ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்றார்கள். பகவதிப்பெருமாள் கவுண்டரில் முழங்கையை ஊன்றினார்.

"கழட்டி மாட்டுத செட்டு பன்னெண்டாயிரம்தானாம்ளா. திங்கும்போது மாட்டிக்கிட்டா..."

"வேண்டாம்."

"நூலுக்கு மேல ஒரு லச்சத்துச் சொச்சம் வருதேளா!"

மாடம்மாள் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் கடையில் வாடிக்கையாளருக்குச் சொல்கிற மாதிரியே, அவசரமில்லாமல், விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள்.

"ஏழு பல்லு. அன்னைக்கே வைத்தியம் பாத்திருந்தா நாப்பத்திரெண்டாயிரம். புடுங்குன கூலி ரெண்டாயிரத்து நூறு. ஒங்களுக்கு மிச்சம் முப்பத்தொம்பதாயிரத்துத் தொள்ளாயிரம். இன்னைக்கு ஒரு லச்சத்து எம்பது. மிச்சத்தக் கழிச்சா, நட்டம் ஒரு லச்சத்து நாப்பதாயிரத்து நூறு. இது கடைக்கணக்கு, இன்னைக்குத் தீந்திரும். இத்தன வருஷம் மெல்லாம முழுங்குன சோத்துக்கு என்ன போடன்னு எனக்குத் தெரியல. அது பாக்கியில நிக்கட்டும்."