சிலிகான் காயும் வரை

"அங்க தண்ணி விடாதே அச்சு" என்று பாமா சொன்னபோது அச்சுதன் வாளியோடு பாத்ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தான். கூடத்தில் அப்பாவைத் தரையில் கிடத்தியிருந்தார்கள். அவர் போய் ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது.

தம்பி திரும்பிப் பார்த்தான். மும்பையிலிருந்து டாக்ஸியில் வந்து இறங்கி அரை மணிகூட ஆகவில்லை. ஒரு மணிக்கு வண்டி வந்துவிடும், அதற்குள் குளிப்பாட்டி வேட்டி மாற்றிவிட வேண்டும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார்.

"நேத்திக்கு நாலு மணிக்குத்தான் சிலிகான் போட்டா. இருபத்துநாலு மணி நேரம் ஆகணும்" என்றாள். மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிற குரலில் வந்தது. அழ வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டுதான் இருந்தாள், வரவில்லை.

கோந்த்வாவில் இந்த வீட்டை வாங்கிய எட்டு வருஷத்தில் பாத்ரூம் மூன்று தடவை ஒழுகிவிட்டது. கீழ் வீட்டு குல்கர்ணி அம்மாள் ஒவ்வொரு தடவையும் மேலே வந்து, பாமாவைக் கையோடு அழைத்துப்போய் தன் வீட்டு மேற்கூரையின் ஈரத்தைக் காட்டுவாள். இந்தத் தடவை பாமா ரோஷம் வந்து எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டாள். சுவருக்குப் புது டைல்ஸ், அப்பா காலை அதிகம் தூக்காமல் ஏறி நின்று குளிக்கும்படி தாழ்வான ஷவர் ட்ரே. ஒன்பது நாள் வேலை. அவளும் கணவரும் பக்கத்து வீட்டில் குளித்தார்கள். அப்பாவுக்கு அடுத்தவர் வீட்டில் போய்க் குளிக்க மனசு வரவில்லை. கட்கி தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம், டிசம்பர் குளிரிலும் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு முதல் ஷிஃப்டுக்குப் போனவர் கோவிந்தராஜன். ஒன்பது நாளும் ஈரத்துண்டால் உடம்பைத் துடைத்துக்கொண்டு பொறுத்திருந்தார்.

நேற்று கடைசி வேலை. சுவரும் ட்ரேயும் சேரும் இடுக்கைச் சிலிகான் பசையால் அடைப்பதற்கு முன் முகமது ரஃபீக் ஓர் ஆள் வேண்டும் என்றார். வாணியம்பாடிக்காரர், இங்கே போபோடியில் இருபது வருஷமாக டைல்ஸ் வேலை செய்கிறவர். வெறும் ட்ரேயை வைத்து அடைத்தால், பிற்பாடு ஆள் ஏறி நிற்கும்போது அது கொஞ்சம் தாழ்ந்து சிலிகான் பிய்ந்துவிடும், பாரம் இருக்கும்போதே அடைக்க வேண்டும் என்று விளக்கினார். அப்பா தானே போய் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். போட்டோ எடுக்க உட்கார்ந்தவர் மாதிரி இரண்டு கையும் முழங்காலில். ரஃபீக் சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து நனைத்து, அவரைச் சுற்றி அந்த வெள்ளைக் கோட்டை வழித்துக்கொண்டே வந்தார். முடிந்ததும் நாலு டைல்ஸ் பெட்டிகளை ட்ரேயில் அடுக்கிவிட்டுத்தான் அப்பாவை எழுந்திருக்கச் சொன்னார். காய்கிறவரை பாரம் அப்படியே இருக்க வேண்டுமாம். தண்ணீர் படக்கூடாது என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனார்.

காலை ஆறு மணிக்கு அப்பா தோளில் துண்டோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். "காஞ்சிருக்கும்மா. ரெண்டே ரெண்டு சொம்பு ஊத்திக்கறேனே" என்றார். பாமா பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, ஒன்பது நாள் இருந்தாகிவிட்டது, சாயங்காலம் நாலு மணிவரை இருக்க முடியாதா என்று கேட்டாள். அவர் சரி என்று சொல்லிவிட்டுக் கூடத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவள் காபியோடு வந்தபோது துண்டு தோளிலேயே இருந்தது. தலை மட்டும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

டாக்டரிடமும் வந்தவர்களிடமும் காபி கொண்டுவந்ததிலிருந்துதான் சொன்னாள். அதற்கு முந்தின பேச்சை யாரிடமும் சொல்லவில்லை.

அப்படியானால் கீழே பார்க்கிங்கில் வைத்துக் குளிப்பாட்டிவிடலாம் என்றான் அச்சுதன். வாளியைக் கை மாற்றிக்கொண்டு, சும்மாதான் கேட்டான்.

"இன்னிக்கு அப்பா குளிச்சாராக்கா?"

"கேட்டார்" என்றாள் பாமா. "நான்தான் நாலு மணிக்குன்னு சொன்னேன்."

அச்சுதன் வாளியைக் கீழே வைத்தான். அவன் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

வேலையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பத்து மணிக்கு வந்த ரஃபீக், விஷயம் தெரிந்து மாடிப்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். பாமா போய் அவரை உள்ளே கூப்பிட்டாள்.

"பெட்டியை எல்லாம் எடுத்துடுங்கோ பாய்."

"பிஞ்சிடும் மேடம். நாலஞ்சு மணி நேரம் குறையுது."

"பிய்யட்டும்."

அவர் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே வைத்தார். அப்பாவைப் பலகையோடு கொண்டுவந்து இறக்கினார்கள். ட்ரே அவ்வளவு நீளம் இல்லை, கால் இரண்டும் வாசல்வரை நீட்டிக்கொண்டிருந்தன. யாரோ வெந்நீர் வைக்கட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று பாமா சொல்லிவிட்டாள். அச்சுதன் ஊற்றினான். பிறகு அவள் சொம்பை வாங்கி ஊற்றினாள். இரண்டு சொம்போடு நிறுத்தவில்லை. வாளி காலியான பிறகு அச்சுதன்தான் சொம்பை அவள் கையிலிருந்து எடுத்தான்.

காரியமெல்லாம் முடிந்து பதினான்காம் நாள் மத்தியானம் ரஃபீக் தானாகவே வந்தார். அன்று ஆட்கள் மிதித்ததில் ஒரு மூலையில் சிலிகான் நூலாகத் தொங்கியது. கீழே ஈரம் தெரியாமல் இருந்திருக்காது, ஆனால் குல்கர்ணி அம்மாள் இந்தத் தடவை மேலே வரவில்லை. ரஃபீக் பழையதை முழுக்கச் சுரண்டி எடுத்தார், துடைத்தார், காயவிட்டார். பிறகு தயங்கி, ஓர் ஆள் வேண்டுமே மேடம் என்றார்.

பாமா அந்த ஸ்டூலையே போட்டு உட்கார்ந்தாள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டாள். ரஃபீக்கின் விரல் அவளைச் சுற்றிச் சுவரோரமாக வந்து முடிந்தது. இந்தத் தடவை அவர் தண்ணீரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கை கழுவிவிட்டு வந்து முதல் பெட்டியைத் தூக்கினார்.

"கொஞ்சம் நகந்து உக்காருங்க மேடம். பெட்டியை வெச்சிட்டா நீங்க எந்திரிச்சிடலாம்."

"பெட்டி வேண்டாம் பாய்" என்றாள் பாமா. "நானே உக்காந்திருக்கேன்."

அவர் சத்தம் வராமல் பெட்டியை வாசலிலேயே இறக்கி வைத்தார்.