கீழ்வீட்டு மஞ்சள்

கீழ்வீட்டுத் தையற்காரியின் கூடத்துச் சுவர்கள் வெளிச்சம் கொடுக்க ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் இரண்டேகால் மணிக்கு. அதுவரை அந்த வீட்டில் நட்டநடுப் பகலிலும் டியூப்லைட் எரிய வேண்டும். அவள் கணவன் இறந்த பிறகு அவனுடைய அண்ணன் மேலே மூன்று மாடி எழுப்பி, இருந்த ஒரே முற்றத்தையும் மூடிவிட்டார். மூடிய கையோடு, இந்த இருட்டில் மனுஷர் குடியிருக்க முடியுமா, மூட்டை அடுக்கத்தான் லாயக்கு என்று தெருவெல்லாம் போய் வருத்தப்படவும் செய்தார். அவருடைய குழாய்க் கடைக்கு ஒரு குடோன் தேவைப்பட்டது எங்கள் தெரு நாய்க்குக்கூடத் தெரியும். கீழ்வீடு தம்பியின் பங்கு. பங்கை விட்டுத் தருகிறேன் என்று அவள் ஒரு கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அவளோ போய் வெளிர்மஞ்சள் பெயிண்ட் வாங்கி வந்தாள்.

“குடோனுக்கு எதுக்கும்மா கலரு?” என்று கேட்டார் அவர்.

“குடோனுக்கு இல்ல மாமா, கூடத்துக்கு.”

பெயிண்டர் செய்த தப்பு ஒன்றுதான். உள்ளே நிறம் தெரியவில்லை என்று வாளியைத் தெருவில் வைத்துக் கலக்கினார். மூடாமல் டீ குடிக்கப் போனவர், அரசியல் பேசி முடித்து நாலு மணி நேரம் கழித்து வந்தார். அத்தனை வெயிலும் பெயிண்டுக்குள் இறங்கிவிட்டது. மேலே கட்டியிருந்த ஏட்டை வழித்துப் போட்டுவிட்டு அப்படியே அடித்தார். மறுநாள் இரண்டாவது கோட் காய்ந்தபோது அவள் ஊசியில் நூல் கோத்தாள். கோத்த பிறகுதான் லைட் போடவில்லை என்று கவனித்தாள்.

மேல்வீட்டு அண்ணன், அந்தப் பெரியவர் சும்மா இருப்பாரா? கீழ்வீட்டுக் கரண்டைத் துண்டித்தார். அவள் மிதி மிஷினுக்கு மாறி, இரண்டு பள்ளிகளுக்குச் சீருடை தைத்து முடித்தாள். அவள் துணி கொடுக்கப் போன நேரம் பார்த்துச் சுவருக்குச் சாம்பல் நிறம் அடிக்கச் சொன்னார். காயக் காய மஞ்சளாயிற்று. மூன்று வருடத்தில் ஆறு முறை. ஏழாம் முறை பெயிண்டர் வர மறுத்துவிட்டார், தொழில் மானம் போகிறதாம். இதற்குள் பெரியவரின் மனைவியே கிழிசல் தைக்கிற சாக்கில் தினமும் கீழே வந்து உட்கார ஆரம்பித்திருந்தாள்.

ஒரு மழைநாளில் தெருவுக்கே கரண்ட் இல்லை. காலை பதினோரு மணிக்கே மேகம் அடைத்துக்கொண்டு கும்மிருட்டு. அவள் பங்கை விட்டுத் தருவதாகப் புதிதாக எழுதச் சொல்லி வைத்திருந்த விடுதலைப் பத்திரத்தைக் கடைசியாக ஒருமுறை சரிபார்க்க மாடியில் அவருக்குக் கண் தெரியவில்லை. கண்ணாடியும் பேனாவுமாகக் கீழே இறங்கி வந்தார். அவள் நாற்காலி இழுத்துப் போட்டாள். நாலு பக்கத்தையும் நிதானமாகப் படித்து, ஒரு எழுத்துப் பிழையைக்கூடத் திருத்திவிட்டு நீட்டினார்.

“நல்லாப் படிச்சுக்கோங்க மாமா. வெளிச்சம் பத்தலன்னா இன்னும் கொஞ்சம் சுவர் பக்கமா உக்காருங்க. கையெழுத்து மட்டும் நான் போடமாட்டேன்” என்றாள், மிதியை நிறுத்தாமல்.

அவர் வாயைத் திறந்தார். மூலையிலிருந்த மனைவி தலை நிமிராமல், “காலை நகத்துங்க, ஊசி விழுந்திருக்கு” என்றாள். நகர்த்தினார்.

அவர் அங்கேயே விட்டுவிட்டுப் போன பத்திரக் காகிதம் நல்ல தடிமன். அதைத்தான் தையற்காரி காலர் அளவுக்கு வெட்டி அச்சாக வைத்திருக்கிறாள்; அந்த அச்சில் தைத்த சட்டை கழுத்துக்குக் கச்சிதம் என்று பெரியவரே சொல்லியிருக்கிறார். இப்போது கரண்ட் போனால் மூன்று மாடியும் நாற்காலியோடு கீழே வருகிறது. சுவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தூங்கும்போது மட்டும் அவள் முகத்தில் ஒரு துண்டைப் போட்டுக்கொள்கிறாள்.