நாலாவது சக்கரம்

நாத்தனார் துடைப்பமும் கையுமாக முன்னறைக்குள் இறங்கிவிட்டாள். கட்டிலில் கிடத்தியிருந்த அண்ணனின் உடலைச் சுற்றி நாற்காலி போட இடம் வேண்டும். அறையோ மோட்டார், பேட்டரி, ஒயர்த் துண்டு, வெட்டிப் போட்ட அட்டைப்பெட்டி என்று கால் வைக்க வழியில்லாமல் கிடந்தது.

"இந்தக் குப்பையெல்லாம் எங்க அண்ணி போடுறது?"

"குப்பை இல்ல. பெஞ்சுக்கு அடியில தள்ளு" என்றாள் தையலக்கா. அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. தெருமுனையில் தையல்கடை போட்ட நாளிலிருந்து தெரு அதை மறந்துவிட்டது.

நாத்தனார் மேசைப் பக்கம் போனதும் தையலக்கா எழுந்து குறுக்கே நின்றுகொண்டாள். மேசைமேல் ஒரு சின்ன கார். அட்டையில் உடம்பு, அடியில் மோட்டார்கள், முன்னால் சுவரைக் கண்டுபிடிக்கும் இரண்டு கண்கள், நாலு சக்கரம். காலையிலிருந்து அதைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அவள் புருஷன் இந்த அறையில் பிள்ளைகளுக்கு ரோபோ வகுப்பு ஆரம்பித்தார். கரும்பலகை கிடையாது. அட்டையை வெட்டு, மோட்டாரை மாட்டு, அது என்ன செய்ய வேண்டும் என்று கம்ப்யூட்டரில் எழுது. ஓடவில்லையா, ஏன் என்று நீயே தேடு. அவ்வளவுதான் பாடம். பிள்ளைகளால் அவருக்குத் தொல்லையே இல்லை, பெற்றவர்களால்தான். அரைகுறையாக வீட்டுக்குப் போன ரோபோ மறுவாரம் பளபளவென்று திரும்பி வரும். சார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "அப்பா பாஸ். பையன் எங்க?" என்பார். பிறகு எல்லாவற்றையும் கழற்றி மேசையில் பரப்பிவிடுவார். பையன் மூக்கை உறிஞ்சுவான், அப்பா முறைப்பார். சாப்பாட்டு நேரத்தில் அந்த அப்பாவின் முகத்தை நடித்துக் காட்டுவார் சார். தையலக்காவுக்குப் புரையேறும்.

போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து அவருடைய வலது கையை மடக்கிப் போட்டது. வகுப்பு அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி போடும் ஒரு பெண்ணுக்கு சார் வைத்த பெயர் வக்கீல். அவள்தான் வந்து நின்றாள். "சார், எங்களை மட்டும் செய்யச் சொன்னா எப்படி? நீங்களும் ஒண்ணு செய்யுங்க. உங்க கையாலயே." சார் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாளே ஆரம்பித்தார். கட்டளைகளை இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். சக்கரம் மாட்டும் வேலையை மட்டும் அந்த வராத கைக்கென்றே ஒதுக்கி வைத்தார். மூன்று சக்கரம் ஏறுவதற்குள் கோடையே வந்துவிட்டது. அடுத்த வகுப்புக்குள் நாலாவதும் ஏறிவிடும் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

நேற்றுக் காலை அவர் அதற்குத்தான் உட்கார்ந்தார். கடுகளவு திருகு. அது விரலிலிருந்து நழுவி விழும். தையலக்கா குனிந்து தேடி எடுத்துக் கொடுப்பாள். மறுபடி விழும். கடையில் ஒரு கல்யாணத் துணி பாதியில் நின்றது, வாங்க வருகிறவர்கள் வாசலில் காத்திருப்பார்கள். மறுபடி விழுந்தபோது அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"குடுங்க இங்க. ஒரு திருகுக்கு இவ்வளவு நேரமா?"

பிடுங்கி, மாட்டி, அழுத்தி முறுக்கி, மேசையில் டக்கென்று வைத்தாள். ஊசியில் நூல் கோக்கிற கை. கண் இமைக்கிற நேரத்தில் முடிந்தது. சார் காரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"சரி" என்றார். "கொஞ்சம் படுக்கிறேன்."

மத்தியானம் அவள் சாப்பிடக் கூப்பிட வந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போயிருக்கிறார், வலி தெரிந்திருக்காது என்றார் டாக்டர். அவளுக்கு வலி தெரிந்தது. அந்த "சரி" இன்னும் காதிலேயே இருந்தது.

வாசலில் செருப்புகள் கழலும் சத்தம் கேட்டது. வகுப்புப் பிள்ளைகள். பெற்றவர்கள் பின்னால் நின்றார்கள். பிள்ளைகள் கட்டிலருகே போய் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள், எங்கே பார்ப்பது என்று தெரியாமல். வக்கீலின் கண் மேசைக்குப் போயிற்று.

"ஏய், நாலும் மாட்டிட்டாரு!"

யாரும் தடுப்பதற்குள் அவள் காரைத் தரையில் வைத்து சுவிட்சைத் தட்டிவிட்டாள். கார் நேராக ஓடிச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்று, யோசித்து, திரும்பி வந்தது. பிள்ளைகள் கைதட்டிவிட்டு, எங்கே நிற்கிறோம் என்று நினைவு வந்து கையை இறக்கினார்கள்.

"எங்கண்ணன் பிடிவாதம் யாருக்கு வரும்? சொன்னதை முடிச்சிட்டுத்தானே போயிருக்காரு" என்று நாத்தனார் கண்ணைத் துடைத்தாள். ஓர் அப்பா, முன்பு முறைத்தவர்தான், தலையாட்டினார். அறை முழுவதும் கொஞ்சம் ஆறுதல் பரவியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அது அப்படியே இருந்துவிடும்.

"அவரு மாட்டல" என்றாள் தையலக்கா. "நான் மாட்டினேன்."

"அதனால என்ன அண்ணி? யாரு மாட்டினா என்ன, வண்டி ஓடுதுல்ல?"

வக்கீல் நிமிர்ந்து பார்த்தாள். "சார் கேட்டாரா அக்கா? மாட்டித் தரச் சொல்லி?"

"கேக்கல, கண்ணு. நானாத்தான் பிடுங்கிட்டேன்."

வக்கீல் காரை எடுத்து நிறுத்தி, தையலக்கா பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

தையலக்கா மேசையிலிருந்த திருப்புளியை எடுத்துக்கொண்டு கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள். மற்ற மூன்று சக்கரங்களும் கொஞ்சம் கோணலாக இருந்தன. இது ஒன்றுதான் நேராக இருந்தது. திருப்புளியின் நுனியைத் திருகின் தலையில் வைத்தாள், வழுக்கியது. மறுபடி வைத்தாள். நேற்று அத்தனை வேகமாக முறுக்கிய திருகு இப்போது அசைய மாட்டேன் என்றது.

"குடுங்க அண்ணி, நான் கழட்டுறேன்" என்று நாத்தனார் குனிந்தாள்.

"வேணாம்" என்றாள் வக்கீல் மெல்ல. "அவங்களே கழட்டட்டும்."

வெளியே அவரை எடுத்துப்போக வண்டி வந்து நின்றது. யாரோ நேரமாகிறது என்றார்கள். பிள்ளைகள் தையலக்காவைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். திருப்புளி வழுக்கியது, அவள் மறுபடி வைத்தாள். ஒரு பிள்ளையும் கை நீட்டவில்லை.