பயமா, எனக்கா?

ஆய்வுக்காகப் புரட்டிக்கொண்டிருந்த நிராகரிக்கப்பட்ட அகதி மனுக்களில் ஒன்றைத் திறந்தால், உள்ளே சித்தப்பாவின் படம். ஆவண அறை என்றுகூடப் பாராமல் "அய்யோ" என்றேன். அப்பாவை ஊரிலேயே பறிகொடுத்த என்னைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லை தாண்டியவர். எனக்குக் கிடைத்த அகதிக் காகிதம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஏனென்று கேட்டால், "அவனுங்களுக்கு என்னத்தத் தெரியும்" என்று தையல் மெஷினை இன்னும் வேகமாக மிதிப்பார்.

காரணம் ஒரே வரிதான். 'திரும்பிப் போகப் பயமா எனக் கேட்டதற்கு, தனக்குப் பயமில்லை என்றார்.'

அட மனுஷா! கரப்பான்பூச்சியைக் கண்டால் சித்தியைக் கூப்பிடுகிற ஆள். என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாதா? "பயமா, எனக்கா?" அதை மொழிபெயர்ப்பாளர் அப்படியே இறக்கி வைத்துவிட்டார். தக்க காரணமுள்ள அச்சம் இருந்தால்தான் அகதி என்கிறது சட்டம். எங்கோ ஒரு மேசையில் அதை எழுதியவர்களுக்கு நம் ஆண்பிள்ளைகளின் வீறாப்பு எங்கே தெரியும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சொந்தக்காரர் கோப்பை ஆய்வுல சேர்க்காதம்மா, நடுநிலை போயிடும்" என்றார் பேராசிரியர்.

"நடுநிலையானவங்கதான் சார் இந்த வரிய எழுதினாங்க."

அவர் கோப்பை மூடி வைத்துவிட்டு, பெண் வக்கீல் ஒருவரின் எண்ணைக் கொடுத்தார். அந்த அம்மா அலைந்து திரிந்து மறுவிசாரணை வாங்கினார். கடைசி வாய்ப்பு. இதுவும் போனால் சித்தப்பாவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"பயந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க சித்தப்பா" என்று பஸ்ஸில் கெஞ்சினேன்.

"நாலு பேர் முன்னாடியா? போடி."

விசாரணை அறையில் அதிகாரி அதே கேள்வியைக் கேட்டார். சித்தப்பாவின் கை மீசைக்குப் போனது. போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். நான் எதிர்பார்த்த "பயமா, எனக்கா?" வரவில்லை. திறந்து பார்த்தால், அவர் அதிகாரியை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கப்பாவ இழுத்துட்டுப் போனப்ப நான் கட்டிலுக்கு அடியிலதான் இருந்தேன்மா. வெளிய வரல. உன் வாயப் பொத்திக்கிட்டுக் கிடந்தேன். பயந்துட்டேன். இன்னிக்கும் பயமாத்தான் இருக்கு."

அத்தனை வருட வீறாப்பும் என்னிடம் இதை மறைக்கத்தானா?

மொழிபெயர்க்கும் பெண் ஒரு வார்த்தை விடாமல் சொல்லத் தொடங்கினாள். நான் அனுமதி கேட்காமலே என் நாற்காலியை இழுத்துப்போய்ச் சித்தப்பாவின் பக்கத்தில் போட்டேன். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். தன் முன்னாலிருந்த தண்ணீர் தம்ளரை எங்கள் பக்கம் நகர்த்திவிட்டு, மறுபடி குனிந்து, சித்தப்பா சொன்னதை எழுதினார்.