செத்த நேரம் என்பது எத்தனை மணி?

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் கேட்டது கதை இல்லை, மனு. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் அடுத்த வீட்டு மாரீஸ்வரி வந்து, மகள் மாரிச்செல்விக்காக ராஜபாளையம் மில் மேனேஜருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னாள். நாளைக் காலை பத்து மணிக்குள் கொடுக்காவிட்டால் பெண்ணுக்கு வேலை போய்விடும். எனக்கோ உட்கார்ந்தால் கதைதான் வருகிறது.

2
மாரிச்செல்வி தனக்கென்று ஒரு தனி உலகத்தில் வாழும்

(அடித்துவிட்டேன். அவள் வாழ்வது எங்கள் தெருவில். தினமும் ஏழு நாற்பது பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள்.)

ஒருமுறை பார்த்தாலே ஆயிரம் எண்களை ஒப்பிக்கும் அபூர்வ

(இதுவும் பொய். என் போன் நம்பரே அவளுக்கு நினைவில்லை. அவளுக்கு ஆட்டிசம். அந்தச் சொல்லைக் கேட்டதும் கை தானாக மேதை என்று எழுதுகிறது, இல்லாவிட்டால் பாவம் என்று. எரிச்சலாக வருகிறது, என் மேலேதான்.)

3
நடந்தது இதுதான். பேண்டேஜ் துணி மடிக்கும் மெஷினில் அவளை நிறுத்திவிட்டு, "செத்த நேரம் பாத்துக்கோ, வாரேன்" என்று சூப்பர்வைசர் சுந்தரபாண்டியன் டீ குடிக்கப் போனார். அப்படியே வீட்டுக்கும் போய்விட்டார். ஷிப்ட் முடிந்து அடுத்த ஆள் வந்தும் அவள் மெஷினை விடவில்லை. கையைப் பிடித்து இழுத்தார்கள். யாராவது தொட்டால் அவளுக்கு ஆகாது, கத்திவிட்டாள். இவளால் மில்லுக்குத் தொந்தரவு, ஏன் இப்படிச் செய்தாள் என்று எழுதிக் கொடுங்கள் என்றார் மேனேஜர். வாரேன் என்று சொல்லிவிட்டு வராத ஆளை யாரும் எதுவும் எழுதித் தரச் சொல்லவில்லை.

[குறிப்பு: எங்கள் பக்கம் 'செத்த நேரம்' என்றால் கொஞ்ச நேரம். அது ஐந்து நிமிஷமா, அரை நாளா என்பது சொல்பவரின் சௌகரியம். நாமெல்லாம் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்கிறோமாம். அவள் சொல்லைக் கேட்கிறாள். இதில் குறை யாருக்கு?]

4
முடிவு ஒன்று: மேனேஜர் மனம் மாறிக் கண்கலங்குகிறார். (அவரை நான் பார்த்திருக்கிறேன். கலங்க மாட்டார்.)

முடிவு இரண்டு: வேலையை உதறிவிட்டுச் செண்பகத்தோப்பு ஓடைக்கரையில் அவள் நிம்மதியாக

(எதற்கு? அவளுக்கு ஓடை வேண்டாம், வேலைதான் வேண்டும்.)

5
எழுதியதை எல்லாம் வாங்கி வாசித்துவிட்டு, "பெரியம்மா, எனக்கு வேணுங்கிறது இதுல எங்க இருக்கு?" என்றாள் மாரிச்செல்வி. வெட்கமாகப் போயிற்று. என்ன வேண்டும் என்று நான் அவளைக் கேட்கவே இல்லை. அப்போதுதான் கேட்டேன்.

"எத்தனை மணி வரைக்கும்னு சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க. அம்புட்டுதான்."

அதையே மனுவாக எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.

இனி என்னால் ஆகாது. மேனேஜர் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். மனு மேஜையில் இருக்கிறது, அவள் எதிரே நிற்கிறாள். 'பார்க்கலாம்' என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். எப்போது என்று கேட்டுவிட்டு அங்கேயே நிற்பாள்.