முப்பத்து மூன்றாம் பக்கத்து மின்னல்

எங்கள் குடியிருப்பு நூலகத்தில் எல்லாப் புத்தகங்களுக்கும் ஒரே காக்கி அட்டை. படித்ததையே மறுபடி தூக்கிப்போய் ஏமாறாமலிருக்க, அவரவர் படித்த புத்தகத்தின் முப்பத்து மூன்றாம் பக்க ஓரத்தில் சின்னதாக ஓர் அடையாளம் போட்டுவிடுவார்கள். தையல்காரிக்கு ஊசி. எலக்ட்ரீஷியனுக்கு மின்னல். மற்றவர்கள் கதையைப் படிப்பார்கள். நான் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் படிப்பேன். யார் எதைப் படிக்கிறார்கள் என்பதைவிட ருசியான கதையை இதுவரை எவரும் எழுதிவிடவில்லை.

தையல்காரியின் அக்கா புருஷன்தான் எலக்ட்ரீஷியன். இரண்டு வருஷமாக இருவருக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. அவள் தைத்த சட்டையில் ஒரு கை குட்டை என்றார் அவர். உங்கள் கைதான் நீளம் என்றாள் அவள். சண்டைக்கு அது போதாதா?

போன மாதம் வீடு காலி செய்த ஒருவர் நூலகத்துக்கு இரண்டு பெட்டி கொடுத்துவிட்டுப் போனார். ஒன்றில் துப்பறியும் நாவல்கள். மற்றதில், எங்களிடம் முதல் பாகம் மட்டும் இருந்த ஒரு தொடரின் மிச்ச நான்கு பாகங்கள். காலியாக இருந்ததோ ஒரே தட்டு. ஒரு பெட்டிதான் உள்ளே வரும். இன்னொன்று பழைய பேப்பர் கடைக்கு. வாசகர் குழு நாங்கள் மூவர்: எலக்ட்ரீஷியன், தையல்காரி, நான். ஞாயிறு காலை நூலகர் எங்களை உட்கார வைத்தார்.

அந்த முதல் பாகம் ஒரு தினுசு. தொப்பி, துப்பாக்கி, புழுதி பறக்கும் ஊர் என்று ஆரம்பிக்கும். பத்தாம் பக்கத்தில் பெண் ஷெரிஃபின் குதிரை செத்துப்போகும். பதினோராம் பக்கத்தில் அதே குதிரை அவளைச் சுமந்துகொண்டு போகும். துப்பாக்கியில் ஆறு குண்டு, ஒவ்வொரு குண்டுக்குள்ளும் ஓர் ஆவி. கடைசியில் மிஞ்சுவது ஒரே குண்டு. அதற்குள் இருப்பது அவளைப் பெற்ற அம்மா. சுட்டாளா, இல்லையா என்று சொல்லாமலே புத்தகம் முடிந்துவிடும். தையல்காரி ஏழு மாதமாக அந்தக் கேள்வியோடுதான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"குதிரைக் கதைன்னா குதிரை இருக்கணும். பேய்க் கதைன்னா பேய் இருக்கணும். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கலக்குனா குப்பைதான்" என்றார் எலக்ட்ரீஷியன், ஜன்னலைப் பார்த்து.

"சார், படிக்காம பேச வேண்டாம்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்றாள் அவள், நூலகரைப் பார்த்து.

"இதையெல்லாம் கையால தொடுவேனா? புத்தி இருக்கிறவன் தொடுவானா?"

"அது இல்லாதவங்க தொடலாமே, அவரைக் கேளுங்க."

நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆளுக்கொரு ஓட்டு போட்டாயிற்று; பாக்கி என்னுடையது. நான் முதல் பாகத்தை எடுத்து, முப்பத்து மூன்றாம் பக்கத்தைத் திருப்பி மேஜைமேல் வைத்தேன். ஊசி ஒன்று. மின்னல் மூன்று: நீலம், கறுப்பு, சிவப்பு. கைப்பழக்கம் பொல்லாதது.

இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஆனால் கேள்வி நூலகருக்குத்தான். "எதுக்குப் படிச்சாராம்?"

"குறை கண்டுபிடிக்க."

"ரெண்டாவது தடவை?"

"கண்டுபிடிச்சது சரியான்னு பாக்க."

"மூணாவது?"

மனுஷன் மின்விசிறியின் ரெகுலேட்டரைப் போய்த் திருகினார். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

என் ஓட்டு தொடருக்கு என்றேன். திரும்பாமலே அவரும் கையைத் தூக்கினார். "ஆனா ரெண்டாம் பாகம் முதல்ல எனக்குத்தான்."

"கேட்டு எழுதி வெச்சவங்களுக்குத்தான் முதல்ல" என்றார் நூலகர். பதிவேட்டில் ஏழு மாதத்துக்கு முந்தைய தேதியில் தையல்காரியின் கையெழுத்து இருந்தது. "பதினாலு நாள். வேணும்னா இன்னொரு பதினாலு நாள் நீட்டிக்கலாம்."

அவள் சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

புத்தகம் அவள் கைக்குப் போய் நேற்று இருபதாவது நாள். ஜாக்கெட் வாங்க அவள் கடையில் நின்றிருந்தேன். எலக்ட்ரீஷியன் வாசலில் வந்து நின்றார், கையில் டெஸ்டர்கூட இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு நேராக அவளிடமே கேட்டார்:

"அந்த அம்மாவை... சுட்டாளா?"

தையல்காரி மிஷினை நிறுத்தினாள். மடியிலிருந்த புத்தகத்தை இன்னும் கொஞ்சம் துணிக்கடியில் தள்ளிவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"அவர்கிட்ட சொல்லுங்க. இன்னைக்கு அரைப் பக்கம்தான் படிச்சேன்னு."